காசோலைக்குப் பிறகு எட்டு மாதம்: ஒரு சேவைச் சங்கத்தின் இசை உதவித்தொகை குறித்த நிகழ்வு ஆய்வு

வயலின் ஆசிரியை ஒருவரின் கடிதம் வாசிக்கப்பட்டபோது கூட்டம் கலையும் நேரம் நெருங்கியிருந்தது. 'வந்த கடிதங்கள்' என்பது எங்கள் நிகழ்ச்சி நிரலில் எப்போதும் கடைசிக்கு முந்திய இடத்தில்தான் இருக்கும். அதற்குப் பிறகு நன்றியுரை மட்டும். செயலாளர் ஒரே மூச்சில் படித்து முடித்தார். சென்ற ஆண்டு சங்கத்தின் இசை உதவித்தொகை பெற்ற வயலின் மாணவி ஐந்து மாதங்களாக வகுப்புக்கு வரவில்லை. கொடுத்த தொகை முதல் மூன்று மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. அவள் வாசித்துவந்த வயலினும் இப்போது அவளுக்குச் சிறியதாகிவிட்டது. சங்கத்தில் வேறு ஏதேனும் ஏற்பாடு உண்டா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இவ்வளவுதான் கடிதம். "குறித்துக்கொள்ளுங்கள்" என்றார் தலைவர். குறித்துக்கொண்டோம். நன்றியுரை தொடங்கியது.

அந்தக் காசோலையில் இருந்த இரண்டு கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது. அப்போது நான் பொருளாளர். மேடையில் பெரிய அட்டையில் அச்சிட்ட மாதிரிக் காசோலையைப் பிடித்தபடி எடுத்த படத்திலும் இருக்கிறேன், இடப்பக்கம் இரண்டாவது ஆளாக. அடுத்த மாதம் நிர்வாகக் குழு "என்ன நடந்தது என்று ஓர் அறிக்கை கொடுங்கள்" என்று என்னிடமே கேட்டது. தவறு செய்தவனையே விசாரணை அதிகாரி ஆக்கிய கதைதான். மறுக்கவில்லை. இது அந்த அறிக்கையின் விரிந்த வடிவம். ஆட்கள், சங்கம் ஆகியவற்றின் பெயர்களை நீக்கியிருக்கிறேன்.

மூன்று ஆண்டுக் குறிப்பேடு

எங்களுடையது உலகெங்கும் கிளைகள் கொண்ட ஒரு சேவை இயக்கத்தின் உள்ளூர்ச் சங்கம். உறுப்பினர்கள் 38 பேர். மாதம் இருமுறை கூட்டம். ஜூலையில் புதிய தலைவர் பதவியேற்பார். ஜூன் முடிவில் இறங்குவார். இந்த ஒரே வரியில்தான் முழுச் சிக்கலும் ஒளிந்திருந்தது என்பதை நான் கண்டுகொள்ள இரண்டு மாதம் பிடித்தது.

முதலில் எனக்கு எழுந்த சந்தேகம் எல்லோருக்கும் எழக்கூடியதுதான்: உறுப்பினர்களுக்கு அக்கறை குறைந்துவிட்டதோ? அதற்காக வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். வருகையில் குறையே இல்லை. மழையிலும் வந்திருக்கிறார்கள். பிறகு மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகளை எடுத்து, இசை உதவித்தொகை என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிட்டேன். ஆண்டுக்கு இரண்டே இடங்கள். ஒன்று நிதி ஒதுக்கும் தீர்மானம். மற்றொன்று பரிசளிப்பு விழா ஏற்பாடு. அதாவது பணம் எங்கள் கையைவிட்டுப் போகும்வரை பேசியிருக்கிறோம். போன பிறகு ஒரு வரிகூட இல்லை.

அப்படியானால் கூட்டங்களில் என்னதான் செய்துகொண்டிருந்தோம்? வரவேற்பு, பிறந்தநாள் வாழ்த்து, சிறப்பு விருந்தினர் உரை, இயக்கத்தின் மாவட்ட ஆளுநர் வருகைக்கான ஒத்திகை, தாமதமாக வந்தவர்களிடம் சிரித்துக்கொண்டே வசூலிக்கும் அபராதம். நான் இவற்றைக் கேலி செய்யவில்லை. சேவைச் சங்கம் என்ற அமைப்பின் பிறப்பே அப்படித்தான். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேரை அழைத்துப் பேசினார்: ஒரு நிலக்கரி வணிகர், ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்காரர். பெருநகரத்தில் தனித்துப்போனவர்களுக்கு நட்பும் தொழில் தொடர்பும் வேண்டும் என்பதுதான் அன்றைய நோக்கம். உறுப்பினர்களின் அலுவலகங்களில் மாற்றி மாற்றிக் கூடியதால் ரோட்டரி (சுழல்வது) என்ற பெயர் வந்தது. பொதுச்சேவை என்று சொல்லத்தக்க முதல் வேலை, நகர மண்டபத்தை ஒட்டிப் பொதுக் கழிப்பறை அமைக்க 1907இல் எடுத்த முயற்சி. ஆக, முதலில் கூட்டம், அதற்குப் பிறகே சேவை. 1915இல் டெட்ராய்ட்டில் கிவானிஸ், 1917இல் மெல்வின் ஜோன்ஸ் முன்னின்று தொடங்கிய அரிமா (லயன்ஸ்) இயக்கம் என அடுத்தடுத்து வந்தவையும் ஏறக்குறைய இதே அச்சில் வார்க்கப்பட்டவைதாம். கூட்டத்தில் பாட்டுக்கும் அன்றே இடம் இருந்தது. அந்த முதல் ரோட்டரி சங்கத்தில் சேர்ந்த அச்சக உரிமையாளர் ஹாரி ரகிள்ஸ்தான் உறுப்பினர்களைச் சேர்ந்து பாடவைத்தவர். இசைக்கும் சேவைச் சங்கத்துக்கும் உள்ள உறவு உதவித்தொகையைவிட மூத்தது.

நட்புக்காகப் பிறந்த கூட்டம் நட்புக்கு நன்றாகவே பயன்படுகிறது. ஒரு பிள்ளையின் படிப்பைப் பத்து மாதம் விடாமல் கண்காணிக்க அதே கூட்டம் தானாகப் பயன்படாது. அதற்கென்று நிகழ்ச்சி நிரலில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். நாங்கள் ஒதுக்கவில்லை. எங்கள் கூட்டத்தில் கேள்விக்கு நேரம் இருந்ததேயில்லை என்பதைக் குறிப்பேட்டைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

ஆண்டுத் தலைவரும் பத்தாண்டுப் படிப்பும்

ஒவ்வொரு தலைவரும் தம் ஆண்டுக்கென ஒரு முத்திரைத் திட்டம் கொண்டுவருவார். மரம் நடுதல், கண் சிகிச்சை முகாம், பள்ளிக்கு மேசை நாற்காலி. இவற்றில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் முடிந்துவிடக்கூடியவை. கண் சிகிச்சை முகாம் ஒரே நாளில் முடிகிறது; பலன் அதே வாரத்தில் தெரிகிறது. மேசையைக் கொடுத்தால் அது பள்ளியில் கிடக்கும்.

இசை அப்படியில்லை. வயலினில் சுருதி சேர்ந்து நிற்கவே பல பிள்ளைகளுக்கு ஓராண்டு ஆகிவிடும். கேட்பவர் காது கூசாத நிலைக்கு வர இன்னும் சில ஆண்டுகள். மேடைக்கு வருவதைப் பற்றிப் பேசினால் பத்தாண்டைத்தான் பேச வேண்டும். ஓராண்டுப் பதவிக்காலம் கொண்ட ஓர் அமைப்பு பத்தாண்டுப் படிப்புக்கு உதவ வருகிறது. வழியில் எத்தனையோ தலைவர்கள் மாறுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முத்திரைத் திட்டம் இருக்கும். எங்கள் மாணவிக்குக் காசோலை கொடுத்த தலைவர் மூன்றே மாதத்தில் பதவி முடிந்து இறங்கினார். அடுத்து வந்தவருக்கு இசையில் வெறுப்பு ஒன்றும் கிடையாது. அவருக்கு அது முந்தியவரின் திட்டம், அவ்வளவுதான்.

இயக்கத்தின் மேல்மட்டத்திலிருந்து உதவி வருமா என்றும் பார்த்தோம். பெரிய இயக்கங்களின் உதவித்தொகைகள் பெரும்பாலும் வேறு நோக்கில் அமைந்தவை. ரோட்டரி அறக்கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் அதன் மானிய முறை மாற்றியமைக்கப்பட்ட பிறகு, உலகளாவிய மானியத்தில் படிக்க விரும்புபவர் பட்டமேற்படிப்பு மாணவராக இருக்க வேண்டும். படிப்பும் அமைதி, நோய்த்தடுப்பு, குடிநீர், தாய்சேய் நலம், அடிப்படைக் கல்வி, சமூகப் பொருளாதார மேம்பாடு, பின்னர் சேர்ந்த சுற்றுச்சூழல் ஆகிய துறைகளில் ஒன்றைச் சார்ந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இசை இல்லை. இயக்கத்தின் மாவட்ட அமைப்பு வழியே வரும் மானியத்தில் நெகிழ்வு அதிகம் உண்டு. ஆனால் அதற்குப் போட்டியும் அதிகம். எந்த இயக்கமானாலும், பத்து வயதுப் பிள்ளைக்கு வயலின் வகுப்புக் கட்டணம் என்பது கடைசியில் உள்ளூர்ச் சங்கத்தின் சொந்தப் பொறுப்பாகவே வந்து நிற்கிறது. எங்களுக்கும் அப்படித்தான் வந்து நின்றது.

நிதி திரட்டும் மாலை

எங்கள் இசை நிதிக்கு வருவாய் ஆண்டுக்கொரு கச்சேரி. கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. வரவை 100 என்று வைத்துக்கொண்டால், அரங்க வாடகையும் ஒலி, ஒளி அமைப்பும் பெரும்பங்கை விழுங்கியிருந்தன. அச்சு, அலங்காரம், விருந்தினருக்கு நினைவுப் பரிசு என்று மேலும் போயின. உதவித்தொகைக்கு வந்து சேர்ந்தது பாதிக்கும் குறைவு. முன்வரிசைகள் முழுக்க இலவச அழைப்பு. டிக்கெட் வாங்கியவர்கள் பின்னால் உட்கார்ந்து எங்கள் முதுகைப் பார்த்தார்கள். ஆண்டறிக்கையில் நாங்கள் அச்சிட்டது மொத்த வரவு. நிகர வரவை எங்கும் அச்சிடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. கச்சேரி வரவு சங்கத்தின் பொதுக் கணக்கிலேயே விழுந்துவந்தது. அதே கணக்கிலிருந்துதான் கூட்ட அரங்க வாடகையும் இயக்கத்துக்கான சந்தாவும் போயின. திருட்டு நடக்கவில்லை; ஒரு காசும் காணாமல் போகவில்லை. ஆனால் ஒரு மாதம் உறுப்பினர் சந்தா தாமதமானால் கச்சேரிப் பணம் அந்த ஓட்டையை அடைத்தது. இது தவறு. அரிமா சங்கங்களில் இதற்குத் தெளிவான விதியே உண்டு: நிர்வாகக் கணக்கு வேறு, சேவைக் கணக்கு வேறு, பொதுமக்களிடம் திரட்டிய பணம், நிகழ்ச்சியின் நேரடிச் செலவு போக, பொதுமக்களுக்கே போய்ச் சேர வேண்டும், சங்கத்தின் சொந்தச் செலவுக்கு அதைத் தொடக் கூடாது. நாங்கள் வேறு இயக்கம். ஆனாலும் அந்த விதி நியாயமானது. டிக்கெட்டில் 'இசை மாணவர் நலனுக்காக' என்று அச்சிட்டு விற்ற பணம் எங்கள் கூட்ட அரங்கின் மின்விசிறியைச் சுழற்றக் கூடாது.

மேடையில் உதவித்தொகை பெறவிருக்கும் பிள்ளைகளை வாசிக்க வைப்போம். பார்வையாளர் மனம் இளகும், நன்கொடை கூடும் என்பது கணக்கு. பிற்பாடு நான் அந்த ஆசிரியையைச் சந்திக்கப் போனபோது அவர் இதைத்தான் முதலில் எடுத்தார்.

"ஐயா, அந்த மேடைக்காக அவள் இரண்டு மாதம் ஒரே உருப்படியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அந்த இரண்டு மாதம் பாடம் நகரவில்லை."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. "நீங்கள் அப்போதே எங்களிடம் சொல்லியிருக்கலாமே, அம்மா" என்று மட்டும் கேட்டேன். "யாரிடம் சொல்வது? விழா முடிந்ததும் நீங்கள் யாரும் திரும்ப வரவில்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் நினைவில் இருக்கிறது.

பொறுமையாக வளர்ந்த நிதிக்கும் முன்மாதிரி உண்டு. 1917இல் ரோட்டரியின் அன்றைய தலைவர் ஆர்ச் கிளம்ப், உலகில் நன்மை செய்ய ஒரு நிரந்தர நிதி வேண்டும் என்று அட்லாண்டா மாநாட்டில் முன்மொழிந்தார். அடுத்த ஆண்டு கான்சஸ் சிட்டி சங்கத்திலிருந்து வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். அந்த நிதி அறக்கட்டளை என்ற பெயர் பெற்றது 1928இல். 1947 ஜனவரியில் பால் ஹாரிஸ் இறந்தபோது அவர் நினைவாகப் பணம் குவிந்தது. அந்த ஆண்டுதான் முதல் 18 மாணவர்கள் உதவித்தொகையில் வெளிநாடு சென்று படித்தார்கள். முதல் சில்லறைக்கும் முதல் மாணவருக்கும் நடுவே ஏறத்தாழ 30 ஆண்டுகள். நாங்கள் மார்ச்சில் கச்சேரி நடத்தி ஏப்ரலில் ஆறு காசோலை கொடுத்துவிடுவோம்.

அலமாரியில் கிடந்த அரை வயலின்

அறிக்கைக்குத் தேவையில்லாததுபோல் தோன்றினாலும் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. சங்க அலுவலகத்து இரும்பு அலமாரியில், பழைய பதாகைகளுக்கு அடியில், ஒரு வயலின் பெட்டி இருந்தது. உள்ளே அரை அளவு வயலின். பல ஆண்டுகளுக்கு முன் யாரோ நன்கொடையாகக் கொடுத்திருக்கிறார்கள். சொத்துப் பதிவேட்டில் 'இசைக்கருவி 1' என்று ஒரு பதிவு. தேதியுமில்லை, கொடுத்தவர் பெயருமில்லை.

வயலின் பற்றி எனக்கு அதுவரை எதுவும் தெரியாது. பிள்ளைகளுக்கு அது கால், அரை, முக்கால் என்று அளவு அளவாக வரும். கை நீளம் கூடக் கூட அடுத்த அளவுக்கு மாற வேண்டும். வளரும் பிள்ளைக்கு ஓர் அளவு ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் பொருந்தாது. பெயர் அரை என்றாலும் நீளத்தில் அது முழு வயலினின் பாதி இல்லை, முக்காலுக்கும் மேல் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். பெட்டியைத் திறந்தபோது நான்கு தந்திகளும் தளர்ந்து, அவற்றைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டு சரிந்து கிடந்தது. தூக்கினால் உள்ளே ஏதோ உருண்டது. ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். கருவி பழுதுபார்ப்பவர் சிரித்தார். மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே ஒரு சிறு மரக்குச்சி ஒட்டாமல், அழுத்தத்தில் மட்டுமே நிற்குமாம். தந்திகள் அனைத்தும் ஒரே நேரத்தில் தளர்ந்தால் அது சாய்ந்துவிடும். அதை ஒலித்துளை வழியே வளைந்த கம்பியால் மறுபடி நிமிர்த்தினார். வில்லில் முடி பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. பெட்டியில் தங்கும் சிறு பூச்சிகள் தின்றவை. பூட்டிவைத்த வயலின் கெடுகிறது என்றும், தினம் வாசிப்பவர் கையில் இருந்தால் இப்படி ஆகாது என்றும் அவர் சொன்னார்.

நாங்கள் உதவித்தொகையில் வயலின் வாங்கிக்கொடுத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவை அடுத்த அளவு வந்ததும் அவரவர் வீட்டுப் பரணுக்குப் போயிருக்கும். ஒரு பிள்ளையின் கைக்குச் சிறியதாகிவிட்ட வயலின் இன்னொரு பிள்ளையின் கைக்குச் சரியாக இருக்கும் என்பது கூட்டல் கணக்கைவிட எளிய விஷயம். அந்தக் கணக்கைப் போட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

திரைக்குப் பின்னால்

தேர்வு முறையைப் பற்றி நிர்வாகக் குழுவில்தான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பழைய விண்ணப்பத்தில் ஒரு நிபந்தனை: சங்க உறுப்பினர் ஒருவரின் பரிந்துரை. நம்பகத்தன்மைக்காக வைத்தது. விளைவு, எங்களுக்குத் தெரிந்தவர்களின் பிள்ளைகள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களின் பிள்ளைகள். தேர்வு நாளன்று பிள்ளை உள்ளே வரும்போதே "இது நம் அவர் பேத்தி அல்லவா" என்று ஒருவர் சொல்வார். அதற்கு மேல் வயலினைக் கேட்க என்ன இருக்கிறது?

வாசிப்பவர் யாரென்று தெரியாதபடி தேர்வாளர் முன் திரை போடலாம் என்று நான் சொன்னபோது நாடகமா நடத்துகிறோம் என்று சிரித்தார்கள். இது புதுமையே இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் சிம்பனி இசைக்குழு 1952இலேயே திரை வைத்துத் தேர்வு நடத்தியது. 1970களிலிருந்து அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் பலவற்றில் அது வழக்கமானது. காலணி ஓசையில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடாதிருக்கத் தரையில் கம்பளம் விரிப்பதும் உண்டு. பொருளியலாளர்கள் கிளாடியா கோல்டினும் சிசிலியா ரவுஸும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, திரை வந்த பிறகு பெண் கலைஞர்கள் தேர்வில் முன்னேறும் வாய்ப்பு கூடியதாகச் சொன்னது. அந்தப் புள்ளிவிவரங்களின் உறுதியைப் பற்றிப் பிற்பாடு விவாதம் எழுந்ததுண்டு. என்னை அசைத்தது வேறோர் ஆய்வு. சியா ஜுங் சாய் என்ற ஆய்வாளர் 2013இல் வெளியிட்டது. இசைப்போட்டிகளின் இறுதிச்சுற்றுப் பதிவுகளை ஒரு சாராருக்கு ஒலியாக மட்டும், இன்னொரு சாராருக்கு ஒலியில்லாத படமாக மட்டும் காட்டி, வென்றவர் யார் என்று கேட்டார்கள். ஒலியே கேட்காமல் படம் மட்டும் பார்த்தவர்களே அதிகம் சரியாகச் சொன்னார்கள். இசை வல்லுநர்களிடமும் அதே விளைவு. அதாவது, நடுவர்கள் காதால் தீர்ப்பளிக்கிறோம் என்று நம்பிக்கொண்டு கண்ணால் தீர்ப்பளிக்கிறார்கள். இசையே தெரியாத எங்கள் குழுவைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

வாசிக்கும் வரிசையும் முடிவை மாற்றும். பெல்ஜியத்தின் ராணி எலிசபெத் பியானோ போட்டியின் இறுதிச்சுற்றில் 12 பேர், நாளுக்கு இருவராக ஆறு நாள் வாசிப்பார்கள். வரிசை குலுக்கலில் அமைவது. ஆனாலும் முதல் நாள் வாசித்தவர்கள் பின்தங்கியும் பிந்திய நாட்களில் வாசித்தவர்கள் முந்தியும் வந்திருக்கிறார்கள் என்று கின்ஸ்பர்க், வான் அவர்ஸ் என்ற பொருளியலாளர்களின் 2003 ஆண்டு ஆய்வு காட்டியது. உலகத் தரமான நடுவர்களுக்கே இந்தக் கதி. நாங்கள் விண்ணப்பம் வந்த வரிசையில் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். விண்ணப்பம் முதலில் வருவது யாரிடமிருந்து? எங்களுக்கு அருகில் இருப்பவர்களிடமிருந்து. அருகில் இருப்பவர்களுக்கு அது பாதகமாகவே முடிந்திருக்கலாம் என்பதுதான் வேடிக்கை.

திரை எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. முதல் முறை நடத்தியபோது ஏழு வயதுப் பையன் ஒருவன் திரையைப் பார்த்து மிரண்டு அழுதுவிட்டான். அவனுடைய ஆசிரியரைப் பக்கத்தில் உட்காரவைத்த பிறகே வாசித்தான். அழைத்துவந்த இரண்டு இசைக்கலைஞர்களில் ஒருவர், வில் போடும் ஓசையிலேயே தம் மாணவியை அடையாளம் கண்டுகொண்டு, எழுந்து "இதற்கு நான் மதிப்பெண் போடக் கூடாது" என்றார். நேர்மையான மனிதர். ஆனால் அவர் எழுந்ததாலேயே மற்றவருக்கும் அது யார் மாணவி என்று தெரிந்துபோயிற்று. ஆகவே இப்போது, மாணவர் எவரேனும் பட்டியலில் இருந்தால் அவருடைய ஆசிரியரை நடுவராக அழைப்பதே இல்லை.

இன்னொன்றையும் சேர்த்தோம், அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தயாரித்துவந்த உருப்படி முடிந்ததும், முன்பின் அறியாத ஓர் ஆசிரியர் பத்து நிமிடம் அந்தப் பிள்ளைக்கு ஒரு புதிய சிறு பகுதியைச் சொல்லித்தருவார். நன்றாக வாசிப்பவர் யார் என்பதை முதல் பகுதி காட்டும். நல்ல பயிற்சிக்குப் பணம் செலவழிக்க முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு அதில் சாதகம் உண்டு. பத்து நிமிடத்தில் எவ்வளவு பற்றிக்கொள்கிறது என்பதில் அந்தச் சாதகம் ஓரளவாவது குறைகிறது. வருமானச் சான்றை வேறொருவர் தனியே பார்ப்பார். நடுவர் கையில் அது போகாது. உறுப்பினர் பரிந்துரை நீங்கி, ஆசிரியர் பரிந்துரை வந்தது.

ஆறா, இரண்டா

இவ்வளவும் எழுதிக் கொடுத்தேன். பெரிய எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். சண்டை வந்தது ஒரே ஒரு வரியில்: 'மூன்று ஆண்டுக்கான முழுத்தொகை கையில் இல்லாமல் எந்த மாணவரையும் சேர்க்கக் கூடாது.'

இதன் பொருள் எளிது. ஆண்டுக்கு ஆறு பேருக்குக் கொடுக்கும் பணத்தில் இனி இரண்டு பேருக்குத்தான் கொடுக்க முடியும். ஒரு மூத்த உறுப்பினர், சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து இருப்பவர், நேரடியாகவே கேட்டார்: "பொருளாளர் அவர்களே, ஆறு பிள்ளைகளுக்குக் கொடுத்தோம் என்றால் செய்தித்தாளில் வரும். இரண்டு என்றால் யார் போடுவார்கள்? செய்தி வராவிட்டால் அடுத்த ஆண்டு டிக்கெட் யார் வாங்குவார்கள்?" அவருடைய வாதத்தில் உண்மை இருந்தது. விளம்பரம் இல்லாமல் நிதி வராது. நான் சொன்ன ஒரே பதில், அந்த ஆறு பேரின் பெயரைச் சொல்லும்படி கேட்டதுதான். சென்ற ஆண்டு பெற்ற ஆறு பேரில் நான்கு பெயர்களைக் கூட்டம் முழுவதும் சேர்ந்து நினைவுபடுத்தியது. அதில் ஒருவர் சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டுக்காரர்.

வாக்கெடுப்பில் சிறு பெரும்பான்மையில் அந்த வரி நிறைவேறியது. கூடவே மற்றவையும். இசை நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு. மூன்று பேர் குழு, ஆளுக்கு மூன்று ஆண்டு, ஆண்டுக்கு ஒருவர் மட்டும் மாறுவார். தலைவர் மாறினாலும் குழு ஒட்டுமொத்தமாகக் கலையாது. ஒதுக்கிய தொகையை அடுத்த நிர்வாகக் குழு வேறு எதற்கும் திருப்ப முடியாது. கட்டணம் பருவந்தோறும் ஆசிரியருக்கே நேரடியாகப் போகும். அதற்கு ஆதாரம் வகுப்பு வருகைச் சீட்டு மட்டும்.

முன்னேற்ற அறிக்கை வேண்டாம் என்றதைச் சிலர் ஏற்கவில்லை. பணம் கொடுக்கிறோம், பலன் கேட்க வேண்டாமா? நான் ஆசிரியையின் இரண்டு மாதத்தை நினைத்துக்கொண்டேன். அறிக்கை கேட்டால் அறிக்கைக்காக வாசிப்பார்கள். வகுப்புக்கு வருகிறாளா என்று மட்டும் தெரிந்தால் போதும். அவள் என்ன வாசிக்கிறாள் என்பது ஆசிரியர் கவலை. நடுவில் பிள்ளைக்கு இசை வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடலாம், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது, மீதி அடுத்தவருக்கு. உதவித்தொகை பெறுபவரை எங்கள் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லவும் கூடாது. கேட்க ஆசைப்படுபவர் அவர்களுடைய ஆசிரியர் நடத்தும் நிகழ்ச்சிக்குப் போய்க் கேட்கட்டும், டிக்கெட் வாங்கி.

கூட்ட நிகழ்ச்சி நிரலில் இசை உதவித்தொகை இப்போது முதல் பொருள். பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். பெரும்பாலும் நான்கில் முடிந்துவிடும். யார் வகுப்புக்கு வருகிறார், எதுவரை கட்டணம் போயிருக்கிறது, எந்தக் கருவி யார் கையில், யாரிடமிருந்தாவது கடிதம் வந்திருக்கிறதா. அவ்வளவுதான்.

இன்றைய நிலை

இரண்டு ஆண்டு ஆகிறது. முதல் ஆண்டு சேர்ந்த இருவரில் புல்லாங்குழல் மாணவன் தொடர்கிறான். பாட்டுப் படித்த பெண் இரண்டாம் ஆண்டு நடுவில் நிறுத்திவிட்டாள். படிப்புச் சுமை என்று சொன்னாள். நாங்கள் காரணம் தோண்டவில்லை. அவளுடைய மீதித் தொகை நிதிக்குத் திரும்பியது. கச்சேரியைச் சிறிய அரங்குக்கு மாற்றினோம். இலவச அழைப்பை அடியோடு நிறுத்தினோம். மொத்த வரவு குறைந்தது. கைக்கு வந்தது சற்றுக் கூடியது. முன்வரிசை இழந்த இரண்டு உறுப்பினர்கள் கச்சேரிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

கடிதத்தில் இருந்த மாணவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆசிரியை இடைப்பட்ட மாதங்களில் கட்டணமில்லாமலே கற்றுத்தர முன்வந்திருக்கிறார். வீட்டார்தான் கடன்பட மனமில்லாமல் நிறுத்தியிருக்கிறார்கள். புதிய முறையில் விண்ணப்பிக்கும்படி நாங்கள் எழுதினோம். பதில் வரவில்லை. மறுபடி எழுதினோம். அவள் இப்போது முழு அளவு வயலின் வாசிக்கும் வயதில் இருப்பாள். எங்களிடம் இரவல் கொடுக்க இருக்கும் மூன்று கருவிகளில் முழு அளவு ஒன்றும் இல்லை.

அலமாரியில் கிடந்த அரை வயலினைத் திரையைப் பார்த்து அழுத அந்தப் பையன் எடுத்துப் போயிருக்கிறான். பதிவேட்டில் இப்போது தேதி இருக்கிறது, பெயர் இருக்கிறது, வில்லுக்கு முடி மாற்றிய நாளும் இருக்கிறது. அடுத்த அளவு அவனுக்குத் தேவைப்படும் நாளை உத்தேசமாக ஆசிரியர் பென்சிலால் குறித்திருக்கிறார்.

வரும் ஜூலையில் பதவியேற்கவிருக்கும் தலைவர் தம் ஆண்டுத் திட்டத்தின் வரைவைச் சென்ற வாரம் சுற்றுக்கு விட்டார். நான்காம் பக்கத்தில் 'இளம் இசைக்கலைஞர்கள் அறுவருக்கு ஊக்கத்தொகை, பரிசளிப்பு விழா' என்று இருக்கிறது. குழுவிலிருந்து தீர்மான எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் போயிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அது முதல் பொருளாக வருகிறது.